தொண்டைக் குழாய் வேண்டாம் என்று அம்மா சொன்னார்

அம்மாவின் பேச்சு முழுவதுமாக நின்றுபோன மாதத்தில் நான் ஒரு பட்டியல் எழுதி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒன்று, சளி எடு. இரண்டு, திருப்பிப் படுக்க வை. மூன்று, மாஸ்க் இறுக்குகிறது. நான்கு, காற்றாடி போடு. ஐந்து, கழுத்து அரிக்கிறது. இப்படிப் பத்து வரை. நான் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். வேண்டிய எண் வரும்போது அம்மா கண்களை மூடித் திறப்பார். அது ஆமாம். கண்களை மேலே உயர்த்தினால் இல்லை. கால், கை, நாக்கு என்று எல்லாம் அவரை விட்டுப் போய், தாடை லேசாக மட்டும் அசைந்த பிறகும் கண்கள் போகவில்லை. உடம்பை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் என்று நரம்பு மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

பட்டியலில் இல்லாததைச் சொல்ல இன்னோர் அட்டை இருந்தது. அதில் எழுத்துகளை வரிசை வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்தேன். முதலில் வரிசை, பிறகு எழுத்து, பிறகு கொம்பா காலா என்று கேட்டுக் கேட்டுக் கூட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அதில் அம்மா முதன்முதலில் சொன்னது, "டிவி சத்தம்." அடுத்துச் சொன்னது, பட்டியலில் பதினொன்றாவது ஒன்று வேண்டும் என்பது. அன்று கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் கர்மவினையைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். பதினொன்று: இந்த ஆள் கிளம்பட்டும்.

நான் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். செயற்கை சுவாசக் கருவிகளைத் திறந்து, துடைத்து, வடிகட்டி மாற்றி, அளவு சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு மூடுவதுதான் என் பிழைப்பு. அம்மாவுக்கு நோய் என்று தெரிந்ததும் மலேசியாவின் தென்முனையில் ஜொகூர் பாருவிலிருந்த வேலையை, மாநிலத்தின் வடக்குப் பக்கத்து மருத்துவமனைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாக மாற்றிக் கேட்டு வாங்கி, எங்கள் ஊரான மூவாருக்கே திரும்பி வந்துவிட்டேன். அப்பா நான் பள்ளியில் படிவம் நான்கில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அம்மா மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் சோபா உறை தைத்தவர். இருபத்திரண்டு வருடம் அதே இயந்திரம். முதலில் தெரிந்த கோளாறும் அங்கேதான். வலது கால் மிதியிலிருந்து நழுவ ஆரம்பித்தது. செருப்பு சரியில்லை என்று நினைத்துப் புதுச்செருப்பு வாங்கினார். பிறகு கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. பிறகு அம்மா தைத்த உறைகள் திரும்பி வரத் தொடங்கின. சூப்பர்வைசர் திட்டுவதற்கு முன்பே அவராக வேலையை விட்டுவிட்டார். "என் தையல எவளாச்சும் பிரிக்கிறத நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றார். அப்போது பேச்சு இருந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா எதையும் பயந்து மறுத்தவர் இல்லை. சக்கர நாற்காலி வந்தபோது ஏறி உட்கார்ந்தார். விழுங்க முடியாமல் போனபோது வயிற்றில் உணவுக் குழாய் வைக்கச் சம்மதித்தார். மூச்சு குறைந்தபோது மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார். கடைசியில் ஒன்று பாக்கி இருந்தது. கழுத்தில் துளையிட்டு, குழாய் வைத்து, இயந்திரத்தோடு நிரந்தரமாக இணைப்பது. அதைத்தான் வேண்டாம் என்றார்.

அந்தக் குழாய் வேண்டும் என்று வாதாடிய முதல் ஆள் நான். இதை யாரும் நம்புவதில்லை. வீட்டிலேயே அந்த இயந்திரத்தை ஓட்ட என்னென்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். மாற்று இயந்திரம் ஒன்று, மின்சாரம் போனால் தாங்க பேட்டரி இரண்டு, சளி உறிஞ்சு கருவி, ஈரப்பதக் கருவி, நான் வேலைக்குப் போகும் நேரத்தில் உட்கார ஓர் ஆள். மற்றவர்களுக்கு இது கஷ்டம், எனக்கு இது அன்றாட வேலை, என் அம்மாவுக்காக ஓர் இயந்திரத்தை ஓட வைக்க என்னால் முடியாதா என்று நினைத்தேன். மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். அம்மா கண்களை மேலே உயர்த்தினார்.

ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டேன். மேலே. இன்னொரு வாரம் கழித்து, என்னுடைய இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டேன். அம்மா எழுத்து அட்டையைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு சொன்னார்: "உன் மெஷின் நல்லது. எனக்கு வேணாம்."

அதன் பிறகு நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். மறைத்தால் மற்றதும் பொய்யாகிவிடும். ஒரு பிற்பகல் அம்மா அட்டையில் "ஊசி" என்றார். எந்த ஊசி என்று எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் "வலி ஊசியா மா?" என்றேன். கண்கள் மேலே போயின. "அது என்னால முடியாது" என்றேன். இந்த நாட்டில் அது குற்றம் என்பது ஒரு காரணம். ஆனால் சட்டம் அனுமதித்திருந்தாலும் என் கை அதைச் செய்திருக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையைப் பட்டியலுக்குத் திருப்பி, நான்காம் எண் வரும்வரை எண்ண வைத்துக் காற்றாடியைப் போடச் சொன்னார். அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டார். நானும்தான்.

தொண்டைக் குழாய் விஷயத்தை மாமாவிடம் தொலைபேசியில்தான் சொன்னேன். மாமா அம்மாவின் ஒரே அண்ணன். பக்கத்து ஊரான தங்காக்கில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. முப்பது வருடமாக அதே மேசை.

"என்ன புள்ள சொல்றே? வேணாமா? யாரு வேணாம்னது?"

"அம்மாதான் மாமா."

"அவளுக்குத்தான் பேச்சே வரலியே."

"கண்ணு இருக்கு."

"கண்ண வச்சிக்கிட்டு உயிர வேணாம்னு சொல்ல முடியுமா லா?"

"முடியும் மாமா. மூணு தடவ சொல்லிட்டாங்க."

மறுமுனையில் யாரோ சேலைக்கு விலை கேட்டார்கள். மாமா அதை விட்டுவிட்டு, "எத்தன நாளு?" என்றார். சில மாதங்கள் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். மாதங்கள் என்ற சொல் அவர் காதில் ஏறவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமாவும் அத்தையும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தார்கள். ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த மருத்துவமனை ஒன்றில் ஒரு கருவியின் திரையை மாற்ற வேண்டியிருந்தது. அரை நாள் வேலை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த விதிமுறைகளை அத்தையிடம் காட்டினேன். அதில் முதல் வரி, சிவப்பு எழுத்தில்: வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. "படிக்கத் தெரியும் புள்ள, நீ கெளம்பு" என்றார் அத்தை.

மூன்று மணிக்குத் திரும்பியபோது வாசலிலேயே அலாரம் கேட்டது. அம்மாவின் மாஸ்க்குக்குள் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி எண்பத்து மூன்று காட்டியது. காலையில் தொண்ணூற்றைந்து இருந்தது. மாஸ்க்கைக் கழற்றி உறிஞ்சு கருவியை வாயில் விட்டேன். கண்ணாடிப் புட்டியில் பால் விழுந்தது.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல புள்ள. கொஞ்சம் பொரை ஏறிடுச்சு" என்றார் அத்தை.

"என்ன குடுத்தீங்கன்னு கேட்டேன்."

மாமா கையில் டம்ளரும் கரண்டியும் இருந்தன. எதையும் மறைக்க அவருக்குத் தோன்றவில்லை. தங்காக்கில் பால்காரரிடம் சொல்லி வைத்துக் கறந்த பாலை வாங்கி, துளசி இலை போட்டுக் கொண்டு வந்திருந்தார். ஆளுக்கு மூன்று கரண்டி.

"பாலு ஊத்துனோம்" என்றார். "போற உயிருக்குச் சொந்தக்காரங்க கையால பாலு எறங்கணும்ல."

"போற உயிரா? யாரு சொன்னா?"

"நீதானே சொன்னே, அவ மருத்துவம் வேணாம்னுட்டான்னு."

"சிவப்புல எழுதி ஒட்டியிருக்கேனே!"

அத்தை என் முகத்தைப் பார்த்து, உண்மையாகவே புரியாமல் கேட்டார். "சாப்பாடு குடுக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கே. இது சாப்பாடா?"

  என் விதிமுறைகளில் தண்ணீர், கஞ்சி, மாத்திரை, திருநீறு எல்லாம் இருந்தன. கடைசிப் பால் இல்லை. நான் எழுதாமல் விட்ட வரி அது.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா இறந்தபோது மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். செய்தி கிடைத்து ஓடி வந்தவர், எல்லையைக் கடக்கும் பாலத்து நெரிசலில் பேருந்துக்குள் நின்றபடியே நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டார். வந்து சேர்ந்தபோது வாய்க்கட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு சொட்டுப் பால் தன் கையால் இறங்கவில்லை என்பதை எல்லாத் தீபாவளிக்கும் இரண்டாவது பீருக்குப் பிறகு சொல்வார். தங்கைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று முந்திக்கொண்டார். பல மாதங்கள் முந்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் போனோம். மறுநாள் காய்ச்சல். நுரையீரலில் கிருமித்தொற்று பிடித்துவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மருத்துவர் என் வயது இருக்கும், மலாய்ப் பெண், களைத்த கண்கள். கட்டிலருகே வந்து நின்று, அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "பாக்சிக், இப்போதே குழாய் போட்டு இயந்திரத்தில் இணைப்பது நல்லது. பிறகு கழுத்தில் துளை போட வேண்டி வரும்" என்று மலாயில் சொன்னார். பாக்சிக் என்றால் மாமா. ஓர் ஆண், வயதானவர், கண் சிவந்திருக்கிறார். அவர்தான் முடிவெடுப்பார் என்று யாரும் நினைப்பார்கள்.

"போடுங்க டாக்டர். ஒடனே போடுங்க" என்றார் மாமா.

"டாக்டர்" என்றேன். "நோயாளி விழித்திருக்கிறார். மலாய் நன்றாகத் தெரியும். அவரிடம் கேளுங்கள்."

அவர் கொஞ்சம் திடுக்கிட்டார். கோபப்படவில்லை. அந்த நல்ல குணத்தை நான் மறக்கவில்லை. கண் சைகைகளை விளக்கினேன். அவர் குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேரே வந்து, அத்தை என்று மலாய் முறையில் கூப்பிட்டுக் கேட்டார். மாக்சிக், தொண்டையில் குழாய் போடலாமா? கண்கள் மேலே போயின. மாஸ்க்கும் மருந்தும் மட்டும் போதுமா? கண்கள் மூடித் திறந்தன. குழாய் போடாவிட்டால் நீங்கள் இறந்துபோகலாம், புரிகிறதா? மூடித் திறந்தன. ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்டார். பதில் மாறவில்லை.

"காய்ச்சல்ல இருக்கா, அவளுக்கு என்ன தெரியும்?" என்று மாமா தமிழில் என்னிடம் கத்தினார். மருத்துவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்து, முதலில் இன்று என்ன கிழமை, இது யார் என்று கேட்டு, பிறகு எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். அதே பதில்கள். நினைவோடு இருக்கும் ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை நாங்கள் செய்ய முடியாது என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கோப்பில் எழுதினார்.

மாமா விடவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு தங்கையிடம் பேசினார். "இந்த அண்ணன் மூஞ்சியப் பாரு. ஒனக்கு நாலு வயசு இருக்கும்போது முதுகுல தூக்கிட்டு ஸ்கூல் வாசல் வரைக்கும் போனேன். எனக்காக சரின்னு சொல்லு. சொல்லும்மா." அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, சளியா? இல்லை. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் மேலே, மேலே. பத்தைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்று என்றேன். மூடித் திறந்தார்.

"என்ன? என்ன சொன்னா?" என்றார் மாமா.

அந்த இடத்தில் ஒரு நல்ல பெண் பொய் சொல்லியிருப்பாள். கழுத்து அரிக்கிறதாம் மாமா என்று சொல்லியிருப்பாள்.

"நீங்க கொஞ்ச நேரம் வெளிய போகணுமாம்."

நடைவழியில் அவர் என்னைச் சுவரோடு நிறுத்திவைத்துப் பேசினார். வார்டுத் தாதி ஒருத்தி தலையை நீட்டி, "அலமாக், பெலான் பெலான் லா" என்று, மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமா குரலைக் குறைத்தார். குறைத்த பிறகுதான் அது கேட்கத் தாங்காததாக ஆனது.

"நான் ஊத்துன பால்ல அவ செத்தா நான் கொலகாரன். குழாய் போட்டா பொழப்பா. நீ போட வேணாம்னா நீ கொலகாரி. என்ன அந்த எடத்துல நிறுத்தாத புள்ள. போடச் சொல்லு."

"நான் வேணாம்னு சொல்லல. அம்மா சொன்னாங்க."

"அவ சொன்னா நீ கேட்டுருவியா? பெத்த புள்ளதானே நீ? இல்ல, மெஷின் ரிப்பேர் பாக்க வந்தவளா?"

"உங்க மனசு ஆறணும்னு அம்மா கழுத்துல ஓட்ட போட முடியாது மாமா."

அவர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம். ஆனால் தொட்டால் நான் இளகிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அந்த நேரத்தில் என் அம்மாவுக்கு இளகாத ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த வாரத்தில் பேச்சு எல்லாப் பக்கமும் பரவியது. பெரியம்மா முறைக்காரர் ஒருவர் தொலைபேசியில், விதி முடியும்வரை இருப்பதுதான் மனிதனின் கடமை, நடுவில் அறுப்பது பாவம் என்றார். இன்னொருவர் ஆத்மா அலையும் என்றார். எதிர்த் திசையிலிருந்தும் வந்தது. என்னோடு வேலை செய்யும் சீனப் பையன் வெளிப்படையானவன். அவன் கேட்டான்: "மெஷினை எடுக்கலாம், ஊசி போடக் கூடாது. என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஆள் போய்விடுகிறார். ஊசிதான் சீக்கிரம், வலியில்லை. நீங்கள் எல்லாம் உங்கள் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள்."

இவனுக்குத்தான் நான் அதிகம் யோசித்துப் பதில் சொன்னேன். ஏனென்றால் இவன் சொன்னதில் உண்மை இருந்தது. கோடு சுத்தமாக இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருவரின் உடம்புக்குள் எதையாவது நுழைக்க அவரின் சம்மதம் வேண்டும். நுழைத்ததை வைத்திருக்கவும் சம்மதம் வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெற்ற பிறகும் ஓடுகிற இயந்திரம் சிகிச்சை இல்லை, அத்துமீறல். ஊசி என்பது வேறொரு கேள்வி. அதை ஒரு நாள் இந்த நாடு பேசத்தான் வேண்டும். பேசும்போது படுக்கையில் கிடப்பவரின் கண்களைப் பார்த்துப் பேச வேண்டும். என் அம்மா அதைக் கேட்டார், நான் மறுத்தேன், அந்த மறுப்புக்கு நான் நல்ல பெயர் எதுவும் கோரவில்லை. ஆனால் குழாய் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. விதி என்று பேசியவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டேன். மாஸ்க்கும் வயிற்றுக் குழாயும் வந்தபோது விதியில் நாம் கை வைக்கவில்லையா? அப்போது ஏன் யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை?

தொற்று கொஞ்சம் அடங்கியது. மூச்சு திரும்பவில்லை. மாஸ்க் இருபத்து நான்கு மணி நேரமும் முகத்தில் இருந்தது. மூக்குத்தண்டில் தோல் கிழிந்தது. மருத்துவமனைக்கு வந்த பத்தாம் நாள் பகலில் நான் கேட்டேன். "மாமா பாலு ஊத்துனப்போ ரொம்ப பயந்துட்டீங்களா மா?" அம்மா எழுத்து அட்டையைப் பார்த்தார். மிக மெதுவாக, இடையிடையே கண்ணை மூடி ஓய்வெடுத்துச் சொன்னார். "நான்தான் வாய திறந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொல். "அண்ணன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. விழுங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அண்ணன் கையால் வருவதை மறுக்க மனமில்லாமல் திறந்தாரா, அல்லது என்னிடம் கேட்டுக் கிடைக்காததை அங்கே தேடினாரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் எனக்கு நேரம் இருந்தது. தைரியம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அம்மா மாஸ்க் வேண்டாம் என்றார். இந்த முறையும் மருத்துவர் வந்து கேட்டார், மறுபடி வந்து கேட்டார், கோப்பில் எழுதினார். மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து முதலில் ஏறும், அம்மா தூங்கிய பிறகுதான் மாஸ்க்கை எடுப்போம் என்று விளக்கினார். மருந்தின் அளவு திணறலைப் போக்கும் அளவு, அதற்கு மேல் இல்லை என்றும் சொன்னார். மாமாவுக்குத் தகவல் சொன்னேன். வந்தார். அம்மாவின் காலடியில் நின்றார். என்னோடு பேசவில்லை. அம்மா அவரை நீண்ட நேரம் பார்த்தார். யாரையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை.

காலை பதினொரு மணி. மருந்து ஏறிய பிறகு தாதி மாஸ்க்கின் பட்டையைத் தளர்த்தக் கை நீட்டினாள். நான் தடுத்தேன். மாஸ்க்கை முகத்திலிருந்து எடுத்தால் இயந்திரம் காற்றுக் கசிவு என்று அலறும். அந்த அலாரத்தை அடக்கும் பொத்தானுக்கு இரண்டு நிமிடம்தான் ஆயுள். பிறகு மறுபடி அலறும். எத்தனை வீட்டார் அந்த அலறலுக்கு நடுவில் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் இருந்தாலும் அம்மாவின் காதில் கடைசியாக விழுவது அதுவாக இருக்கக் கூடாது. முதலில் இயந்திரத்தைக் காத்திருப்பு நிலைக்குக் கொண்டு போனேன். இரண்டு முறை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். செய்தேன். பிறகு நானே பட்டையைக் கழற்றினேன். யாருடைய கைக்குப் பின்னாலும் நான் ஒளிந்துகொள்ளவில்லை. மாமா பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும் என்றுதான் செய்தேன்.

நாற்பது நிமிடம். திணறல் இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு அம்மாவின் முழு முகத்தையும் பார்த்தேன். பட்டை அழுத்திய கோடுகள் மெல்ல மறைந்தன. பிறகு மார்பு ஏறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கூட்டம் கலைந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமா கார் நிறுத்தும் கூரைக்கடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்தில் முதல் முறையாக என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள. நான்தான் ஊத்துனேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

இதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று இரண்டு வாரம் யோசித்திருந்தேன். அம்மா சொன்னதை அப்படியே மற்றவர்களிடம் சேர்க்க வேண்டும் என்றுதான் இதுவரை சண்டை போட்டேன். பிடித்ததை மட்டும் சேர்ப்பது அதில் அடங்காது.

"நான்தான் வாய திறந்தேன்னு சொன்னாங்க. அப்புறம் அண்ணன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

மாமா அழுதார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி அழுதார். பிறகு கேட்டார். "அப்போ நான் கொல்லலதானே?"

"கொல்லல மாமா."

"நெஜமா?"

"நெஜமா. நானும் கொல்லல. அதையும் சொல்லுங்க."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "அது வேற, புள்ள."

"வேற இல்ல. நீங்க ஊத்துனத அவங்க வாங்கிக்கிட்டாங்க. நான் எடுத்தத அவங்க எடுக்கச் சொன்னாங்க. ஒங்களுக்கு மட்டும் மன்னிப்பு, எனக்கு மட்டும் பழியா? அதுக்கு நான் ஆள் இல்ல."

"பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"இப்படித்தான் பேசுவேன் மாமா."

அத்தை பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "மூஞ்சப் பாரு, ரெண்டும் ஒரே அச்சு. பிடிவாதம் ரத்தத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காரின் பின்கதவைத் திறந்தார்.

மாமா எழுந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றார்.

"எனக்கு நாளைக்கு அப்படி வந்தா நீ என்ன பண்ணுவே?"

"உங்களக் கேப்பேன்."

"எனக்கு அந்தக் குழாயப் போடு, கடைசி மூச்சு வரைக்கும் மெஷின நிறுத்தாதன்னு சொன்னா?"

"போடச் சொல்லுவேன். மெஷின நானே பாத்துக்குவேன். எவன் வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்க விட மாட்டேன். அத்த சொன்னாலும்."

"நான் ஏன் சொல்றேன்?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

மாமா என்னை உற்றுப் பார்த்தார். அளவு சரியா என்று துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.  காரில் ஏறி, பின்னால் எடுத்து, சாலையில் இறங்கினார்.

நீயும் கொல்லவில்லை என்று நான் சொல்லச் சொன்னதை அவர் இதுவரை சொல்லவில்லை. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று கேட்கிறார். நானும் பதில் சொல்கிறேன். கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.